நாடாவின் இரண்டாம் பக்கம்

ஒலிநாடாவில் ஒரு நதி – 9

தகரப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பூல் நாடா சுழலத் தொடங்கியதும், அறையில் இருந்தவர்களில் மூத்தவர் கையை உயர்த்தி, "இது காருகுறிச்சி இல்லை" என்று சொன்னார். போன வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. பிடிகள் எல்லாம் காருகுறிச்சி அருணாசலத்தின் பிடிகள்தான். ஆனால் சுருதி மூன்று கட்டையில் நின்றது. பழைய திமிரி நாதஸ்வரம் அதைவிட உயரத்தில் ஒலிக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வழக்கத்துக்குக் கொண்டுவந்த நீண்ட பாரி நாதஸ்வரமோ இரண்டு, இரண்டரைக் கட்டை வாக்கில் நிற்கும். இது இரண்டுக்கும் நடுவே தொங்கியது. பாட்டுக்காரர் தொண்டைக்குத் தக்கபடி சுருதி வைத்துக்கொள்ளலாம். நாதஸ்வரக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆச்சா மரத்தைக் கடைந்து துளை போட்ட அன்றே குழலின் சுருதி முடிவாகிவிடுகிறது. சீவாளியை மாற்றியும் கெண்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் ஏதோ சிறிது சரிசெய்யலாம், அவ்வளவுதான். அப்படியானால் நாங்கள் கேட்பது யார்?

ஒலிப்பதிவு தெரிந்த இளைஞர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் நாதஸ்வரத்தைக் கேட்கவே இல்லை. வாசிப்பு நிற்கும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். அந்த இடைவெளிகளில், கூட்டத்தின் சலசலப்புக்கு அடியில், மெல்லிய ரீங்காரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பதிவுக் கருவியைச் சுவரில் செருகினால் மின்சாரத்தின் துடிப்பும் நாடாவில் ஏறிவிடும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிப்பது. இந்த நாடாவில் அது 53 என்று காட்டியது. ஆக, பதிவு செய்த கருவி மெதுவாக ஓடியிருக்கிறது, இன்று நம் கருவி அதை வேகமாக ஓட்டுகிறது. ரீங்காரத்தை 50க்கு இறக்கியதும் சுருதி அரைக் கட்டை இறங்கி இரண்டரையில் வந்து நின்றது. பாரி நாதஸ்வரம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த ரீங்காரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணித் தண்ணீர்தான் அங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளில் விளக்கேற்றிய மின்சாரத்தில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. அன்று கல்யாணப் பந்தலில் பதிவான அந்த ஓசைதான் நாடாவின் வேகத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. நான் இந்தத் தொடருக்குத் தலைப்பு வைத்தபோது இது எனக்குத் தெரியாது.

வேகம் சரியானதும் பந்தலே அறைக்குள் வந்துவிட்டது. யாரோ ஒருவர், "அண்ணாச்சி, இப்படித் தள்ளி உக்காருங்க" என்கிறார். குழந்தை அழுகிறது. "ஏலே, லைட்டத் தூக்கிப் பிடில" என்று ஒரு அதட்டல். ஒத்து இடைவிடாமல் இழைகிறது. தவில் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிறது. பிறகு கரகரப்பிரியா. எடுத்தவுடன் உச்சிக்குப் போகாமல், ரிஷபத்தில் நின்று, அங்கிருந்து காந்தாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி, மறுபடி தொட்டு, இந்த முறை விடாமல் பிடித்துக்கொள்ளும் வாசிப்பு. நாதஸ்வரம் தெருமுனைவரை கேட்க வேண்டிய வாத்தியம். அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல வாசித்தவர் காருகுறிச்சி. அந்தக் குழைவுக்கு எத்தனை மூச்சுப்பயிற்சி வேண்டும் என்பது ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பச்சை பிடித்த ஊர் காருகுறிச்சி. மண்பானைக்குப் பேர்போனது. அருணாசலம் 1921இல் அங்கே பிறந்தார். ராஜரத்தினம் பிள்ளை இந்தப் பக்கம் கச்சேரிக்கு வந்தபோது உடன் வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள், அவனை அவர் தம்மோடு வைத்துக்கொண்டார் என்று இங்கே இன்றும் சொல்கிறார்கள். கதையின் விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். மாறாதது ஒன்று: குருவுக்குப் பக்கத்தில் நின்று ஊதியே அவர் கற்றார். ராஜரத்தினம் தோடியை விரிக்கும்போது எந்த இடத்தில் தாமும் சேர்ந்துகொள்வது, எந்த இடத்தில் வாயெடுக்காமல் காத்திருப்பது என்பதை மேடையிலேயே அறிந்தார். 1956 டிசம்பரில் ராஜரத்தினம் காலமானார். அதற்கு முன்பே தனியாகப் பேர் வாங்கியிருந்த அருணாசலத்துக்கு அதன்பின் ஓய்வென்பதே இல்லாமல் போயிற்று. கோவில்பட்டியில் குடியிருந்தார். கரிசல் காட்டு ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். 1964 ஏப்ரலில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, போய்விட்டார்.

இவ்வளவு பெரிய கலைஞரை இன்று பெரும்பாலோர் ஒரே ஒரு பாட்டால் அறிந்திருக்கிறார்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா'. எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை, கு.மா. பாலசுப்பிரமணியத்தின் வரிகள், எஸ். ஜானகியின் குரல், ஆபேரி ராகம். அந்தப் பாட்டின் மேல் எனக்குக் குறையே கிடையாது. எத்தனை முறை கேட்டாலும் மயிர்க்கூச்செறிகிறது. எனக்கு வருத்தம் வேறு. காருகுறிச்சி ராகத்தை முக்கால் மணி நேரம் விரிக்கக்கூடியவர். கிராமபோன் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். சினிமாவிலும் சில நிமிடங்கள்தான். அவற்றில் கிடைப்பது அவருடைய கெட்டிக்காரத்தனம். அவருடைய நிதானம் அங்கே கிடைக்காது.

அந்த நிதானத்தை வைத்திருப்பவை இந்தக் கல்யாண வீட்டு நாடாக்கள். ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா சுற்றியிருக்கும்; நொடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் என்று ஓடவிட்டால் ஒரு பக்கத்துக்கு 64 நிமிடம். 1950களில் வசதியான வீடுகளுக்கு இந்தக் கருவி வந்ததும் ரசிகர்கள் செய்த முதல் வேலை, கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான். அமெரிக்காவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற கிதார் மேதை 1970இல் 27 வயதில் இறந்தார். 1967 ஆகஸ்டில் அவர் ஹாலிவுட் பவுல் அரங்கில் வாசித்த கச்சேரி 2023இல்தான் முழுமையாக வெளியானது. அவர்களுக்கு அதை வெளியிட நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்கு இருப்பவை பரண்கள். 2021இல் காருகுறிச்சியின் நூற்றாண்டு வந்தபோது பல பரண்களிலிருந்து நாடாக்கள் இறங்கின. லலிதாராம் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து அவருடைய வாழ்வையும் வாசிப்பையும் தேடிச் சேர்த்தார்கள். இறங்காதவை இன்னும் இருக்கும். பழைய அசிட்டேட் நாடாக்களில் காடி வாசனை வரத் தொடங்கினால் அவை அழிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், கருவியில் போட்டுப் பார்க்கும் அவசரம் வேண்டாம். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

சரி, நம் நாடாவுக்கு வருவோம். வாசிப்பவர் யாரென்று தெரிந்துவிட்டது. எந்த ஆண்டு?

பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் மை கலைந்து, ஒரு ஊரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது: 'டி'யும், அதற்கு முன்னால் ஒரு ஒற்று 'ட்'டும். கோவில்பட்டியாகவும் இருக்கலாம், 'பட்டி' என்று முடியும் வேறு நூறு ஊர்களாகவும் இருக்கலாம். கல்யாண வீட்டாரின் பேர் நாடாவில் எங்கும் இல்லை. தவில்காரரின் கையைக் கேட்டு ஆளைச் சொல்லிவிடலாம் என்று பெரியவர் முயன்றார். இரண்டு பேர் சொன்னார். பிறகு இரண்டையும் அவரே மறுத்தார். கரகரப்பிரியாவில் 'சக்கனிராஜ' கிருதி. காருகுறிச்சி அதை ஆண்டுக்கணக்கில் வாசித்தவர். அதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. தனி முடிந்தது. கைத்தட்டல். நேரம் பார்த்தேன்: முதல் பக்கம் தீர இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல். பெண்களின் பக்கத்திலிருந்து வருகிறது, நடுவயது இருக்கும். மைக்கிலிருந்து தள்ளி இருக்கிறார். ஏதோ ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். சுற்றி இருப்பவர்கள் சிரிக்க, பாட்டின் பெயர் அந்தச் சிரிப்பில் மூழ்கிவிடுகிறது. ஐந்து முறை போட்டுக் கேட்டோம். "அதை வாசிங்க" என்ற முடிவு மட்டும் காதில் விழுகிறது.

காருகுறிச்சி பதில் சொல்லவில்லை. சீவாளியை நனைத்துப் பார்க்கும் சிறு சத்தம். ஒத்து மறுபடி எழுகிறது. பிறகு நாதஸ்வரம் ஒரே ஒரு பிடி: காந்தாரத்தில் அசைந்து, மத்யமத்தைத் தொட்டு, பஞ்சமத்தில் போய் நிற்கிறது.

ஆபேரி!

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரப்போவது 'சிங்கார வேலனே' என்றால், அந்தப் பந்தல் படம் வந்த பிறகு போட்ட பந்தல். இந்த நாடா காருகுறிச்சியின் கடைசி இரண்டு ஆண்டுகளைச் சேர்ந்தது என்று உறுதியாகிவிடும். ஆனால் ஆபேரி என்றால் தியாகராஜரின் 'நகுமோமு'வும் உண்டே. முசிறி சுப்பிரமணிய ஐயர் பாடிப் பாடித் தமிழ்நாடு முழுக்கப் பரப்பிய கிருதி, நாதஸ்வரக்காரர்களுக்கும் பிரியமானது. வரப்போவது அதுவென்றால், குரு உயிரோடிருந்த காலத்துக் கல்யாணமாகக்கூட இது இருக்கலாம்.

பஞ்சமம் நீள்கிறது. தவில்காரர் கையை வைக்கிறார்.

படக், படக், படக். முதல் பக்கம் தீர்ந்து, நாடாவின் நுனி தட்டிக்கொண்டே சுற்றியது. இளைஞர் ஸ்பூலைக் கழற்றித் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பார்த்தோம்: இரண்டாம் பக்கம் தொடங்கும் இடத்தில் யாரோ நாடாவைக் கத்தரித்து, வேறொரு நாடாவை ஒட்டியிருக்கிறார்கள்.

(தொடரும்)