கணவாயின் நஞ்சு: லடாக் வேட்டைப் பயணங்களும் உயர்மலை நோயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், விடுப்புக் கிடைத்த பிரிட்டிஷ் படை அதிகாரிகள் பலர் கொம்பு தேடி லடாக் சென்றனர். அவர்கள் பெரிதும் விரும்பியது ‘ஞான்’ எனப்படும் பெருங்காட்டுச் செம்மறி. கோடையில் அதன் மேய்ச்சல் நிலம் 5,000 மீட்டர் உயரத்தை ஒட்டியது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றைப் பொறுத்துக்கொண்டாலும், சரிவேறி மூச்சிரைக்க வந்தவரால் துப்பாக்கியை நிலையாகப் பிடிக்க இயலாது. அலெக்சாண்டர் கின்லாக் 1869-இல் வெளியிட்டது போன்ற வேட்டை நூல்களின் உலகம் இது.

இந்நோய்க்கு மலைவாழ் மக்கள் வைத்திருந்த பெயர்களே ஒரு வரலாறு. மேற்கு இமயத்தில் அது ‘பிஷ் கி ஹவா’, அதாவது நச்சுக்காற்று. வடமொழி ‘விஷ’மே இங்குப் ‘பிஷ்’ ஆயிற்று. திபெத்திய மொழியில் ‘லா-துக்’: ‘லா’ கணவாய், ‘துக்’ நஞ்சு. காரகோரம் வழியே யார்க்கந்து சென்ற வணிகர்கள் ‘தம்’ என்றனர்; பாரசீகத்தில் அதற்கு மூச்சு என்று பொருள். முன்னிரண்டும் காரணத்தைச் சொல்ல முயல்கின்றன. மூன்றாவது துன்பத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. அறியாததைக் கூறாத அடக்கம் அதற்கு உண்டு.

நஞ்சு எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு, மலைப்பூக்களின் மணத்திலிருந்து என்பது ஒரு விடை. 1815-இல் கங்கோத்ரிப் பகுதியில் பயணம் செய்த ஜேம்ஸ் பெய்லி ஃபிரேசர் இதைப் பதிவு செய்தார். பூக்களே இல்லாத இடத்திலும் மூச்சுத் திணறியதைக் கண்டு அதை மறுக்கவும் செய்தார்.

பூமணக் கொள்கையை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆனால் மருத்துவர்கள் தந்த மருந்தும் அதைவிடத் தெளிந்ததன்று. 1873-இல் ஃபோர்சைத்தின் இரண்டாம் யார்க்கந்துத் தூதுக்குழுவுடன் சென்ற மருத்துவர் பெல்யூ, பொட்டாசியம் குளோரேட்டைப் பரிந்துரைத்தார். ஆய்வகத்தில் அதைச் சூடாக்கினால் ஆக்சிஜன் வெளிப்படும். எனவே உடலுக்குள்ளும் வெளிப்படும் என்பது அக்காலத்து எண்ணம். குடலில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. அளவு மிஞ்சினால் அது உண்மையிலேயே நஞ்சு. ஆண்டீஸ் மலைக்குச் சென்ற எட்வர்டு விம்பரும் இதையே எடுத்துச் சென்றார். காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதே நோய்க்குக் காரணம் என்று பால் பெர் நிறுவியது 1878-இல்தான்.

எனில் வேட்டைக்காரர்களுள் பெரும்பாலோர் பிழைத்தது எவ்வாறு? மருந்துப் பெட்டியைக் காட்டிலும் பாதையே அவர்களைக் காத்தது எனலாம். சுமார் 1,600 மீட்டரில் உள்ள ஸ்ரீநகரிலிருந்து 3,500 மீட்டரில் உள்ள லே வரை நடக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சோஜி லாவைக் கடந்தபின் கார்கிலுக்கு இறக்கம். ஃபோட்டு லாவில் 4,100 மீட்டர். மீண்டும் சிந்து நதிக்கரையில் கல்சிக்கு இறக்கம். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் உறங்கும் முறையை, யாரும் வகுக்காமலே நிலவமைப்பு அவர்கள்மேல் சுமத்தியது. சுமைகூலிகளின் நடையைவிட விரைவாகச் செல்லவும் வழியில்லை. மேல்நிலங்களில் யாக் மீதேறிச் செல்வது வேட்டையாடுபவரின் மூச்சை மிச்சப்படுத்தியது. சுமை தூக்கியவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய தலைவலியைப் பற்றி வேட்டை நூல்கள் பேசுவதும் அரிது.

அந்த நடை ஒழிந்தபோதுதான் நோய் தன் முழு உருவைக் காட்டியது. 1948 மே மாதம் மெஹர் சிங் லேயில் முதல் விமானத்தை இறக்கினார். 1962 போரின்போது சமவெளிப் படைவீரர்கள் சில மணி நேரத்தில் அவ்வுயரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் நோயுற்றனர், சிலர் நுரையீரலில் நீர் கோத்து இறந்தனர். முன்பு நிமோனியா என்றே கருதப்பட்ட இந்நிலையை, உயரத்தால் விளையும் தனி நோயாக 1960-இல்தான் சார்லஸ் ஹூஸ்டன் ஆங்கில மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். இந்தர்ஜித் சிங்கும் உடனாய்வாளர்களும் 1,925 இந்திய வீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று.

இந்தியப் படை பின்னர் வகுத்த பழக்கப்படுத்தும் முறையில் மூன்று கட்டங்கள் உண்டு: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் நான்கு நாள். மொத்தம் பதினான்கு நாள்; பழைய ஸ்ரீநகர்–லே நடைப்பயணத்துக்கும் ஏறத்தாழ அத்தனை நாளே ஆயிற்று.