கடல்மல்லை யானை யாருடைய ஊர்தி?

கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்தின் தென்புறத்தில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வேலியிட்ட திறந்தவெளியில் ரதங்கள் எனப்படும் ஐந்து ஒற்றைக்கல் கோயில்களும் மூன்று கல் விலங்குகளும் நிற்கின்றன. கோயில்களுக்கு இன்று வழங்கும் பாண்டவர் பெயர்கள் பின்னாளில் ஒட்டிக்கொண்டவை என்பதை ஆய்வுலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. விலங்குகளுக்கு இட்ட பெயர்ச்சீட்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சிங்கம் கொற்றவைக்கு, காளை சிவனுக்கு, யானை இந்திரனுக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. சிலர் யானையை முருகனுக்கோ ஐயனாருக்கோ மாற்றிக் கொடுப்பார்கள். மூன்றுமே ஊர்திகள் என்பதில் மட்டும் அவ்வளவாகச் சண்டை இல்லை.

யானையைப் பொறுத்தவரை அந்த உடன்பாடு ஆட்டம் காண்கிறது.

முதலில் சிங்கத்தை விட்டுக்கொடுத்துவிடலாம். அது நிற்பது திரௌபதி ரதத்தின் முன்னால். அந்தக் குடிசை வடிவக் கோயிலின் கருவறைச் சுவரில் துர்க்கை நிற்கிறாள். அவள் காலடியில் ஓர் அடியவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனைகிறான். கோயில் யாருக்கு என்பதில் ஐயமில்லாதபோது, வாயிலுக்கு வெளியே உள்ள சிங்கத்தை அவளுடையதாகக் கொள்வதில் தவறில்லை.

காளையிடம் வரும்போது சிக்கல் தொடங்குகிறது. அருச்சுனன் ரதம் மேற்கு பார்த்தது. காளையோ அதற்குப் பின்னால், கிழக்கே படுத்திருக்கிறது. சிவன் கோயிலில் நந்தி கருவறைக்கு எதிரே இருந்து இறைவனைப் பார்க்கும். இங்கே இறைவனின் முதுகுப்புறம் கிடக்கிறது. இதற்குச் சமாதானம் சொல்ல முடியும். பாறை அங்கேதான் இருந்தது, சிற்பி என்ன செய்வான்? ஆனால் இந்தச் சமாதானத்தை ஒப்புக்கொண்ட உடனேயே, விலங்குகளின் இடத்தை ஆகம விதி தீர்மானிக்கவில்லை, கல் தீர்மானித்தது என்பதையும் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். அதே ரதத்தின் தென்சுவரில் காளைமீது சாய்ந்த கோலத்தில் சிவன் ஏற்கெனவே இருக்கிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தெய்வத்துக்கு வேண்டிய காளை சுவரிலேயே கிடைத்துவிட்டது.

யானை நகுல சகாதேவ ரதத்தின் பக்கத்தில் நிற்கிறது. மற்ற நான்கு ரதங்களும் வடக்கு தெற்காக ஓடும் ஒரே பாறைத் தொடரில், தெற்கே உயர்ந்து வடக்கே தணியும் வரிசையில் குடையப்பட்டவை. நான்கும் மேற்கு நோக்குபவை. இந்த ரதம் மட்டும் வரிசையை விட்டு மேற்கே விலகி, தெற்கு பார்த்து நிற்கும் தனிப் பாறை. சுவர்களில் தெய்வ உருவம் ஒன்றுகூட இல்லை. கல்வெட்டும் கைகொடுப்பதில்லை. அப்படியானால் இது இந்திரன் கோயில் என்று எப்படித் தெரிந்தது? பக்கத்தில் யானை இருப்பதால். அந்த யானை ஊர்தி என்று எப்படித் தெரிந்தது? கோயில் இந்திரனுடையது என்பதால். வாதம் செக்குமாடுபோல் தன் தடத்திலேயே சுற்றி வருகிறது. அருச்சுனன் ரதத்தின் பின்சுவரில் யானைமேல் அமர்ந்த தெய்வம் ஒன்று உண்டு. அதை இந்திரன் என்றும் முருகன் என்றும் ஐயனார் என்றும் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். யானையேறிய தெய்வம் அந்த ரதத்தில் இருக்க, யானையை மட்டும் இந்த ரதத்துக்கு ஒதுக்குவது விசித்திரமான பாகப்பிரிவினை.

கோயிலின் வடிவத்தைப் பார்த்தால் வேறொரு விடை எழுகிறது. நகுல சகாதேவ ரதம் பின்புறம் அரைவட்டமாக வளைந்தது; வடநூல்கள் கஜபிருஷ்டம் (யானையின் முதுகு) என்றும் தமிழ் மரபு தூங்கானை மாடம் என்றும் குறிக்கும் அமைப்பு. இது பல்லவச் சிற்பியின் புதுக் கற்பனை அன்று. பெண்ணாகடத்துத் தூங்கானை மாடத்தை அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். ஆக, 7-ஆம் நூற்றாண்டுத் தமிழருக்கு அது பழகிய உருவம். செங்கல்லிலும் மரத்திலும் கட்டி வந்ததை இங்கே பாறையில் செதுக்கிக் காட்டினார்கள். பின்னாளில் பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்துத் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலும் இதே வடிவில் எழுந்தது. கோயிலின் வாயில் தெற்கே. யானையின் முகமும் தெற்கே. கோயிலின் வளைந்த முதுகு வடக்கே. யானையின் பின்புறமும் வடக்கே. இன்றைய பார்வையாளர் வடக்கிலிருந்து நுழையும்போது கண்ணில் படுவது இரண்டு முதுகுகள், ஒன்றையொன்று ஒட்டி. கூரைக்கு விளக்கவுரை எழுதியதுபோல் யானை நிற்கிறது.

இந்த ஒப்புமையைப் பலர் கவனித்திருக்கிறார்கள். ஊர் வழிகாட்டிகளுக்கும் இது பிடித்தமான செய்தி. ஆனால் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே இந்திரனின் ஐராவதம் என்றும் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். இரண்டும் ஒன்றாக நிற்குமா என்று சோதிக்க மாமல்லபுரத்தைச் சுற்றியே சான்றுகள் கிடைக்கின்றன.

வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள சாளுவன்குப்பத்துக்குப் போகலாம். புலிக்குகை என்று ஊர் வழங்கும் பாறையில் 11 யாளித் தலைகள் சூழ ஒரு மாடம் குடையப்பட்டுள்ளது. அதன் தென்பக்கத்தில் இரண்டு யானைத் தலைகள். ஒவ்வொன்றின் மேலும் அம்பாரிபோல ஒரு சிறு மாடம், அதனுள் தெய்வ உருவம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மணல் நகர்ந்தபோது மாமல்லபுரக் கரையில் தெரிந்த பாறையிலும் இதே ஏற்பாடு: கீழே யானைத் தலை, மேலே தெய்வம் அமர்ந்த மாடம். கடற்கரைக் கோயில் வளாகத்துச் சிங்கத்தின் மார்பிலேயே சதுரக் குழி வெட்டி, உள்ளே துர்க்கையைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே 1990-இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட பன்றி உருவ வராகத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மனின் விருதுப் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. விலங்கைத் தெய்வத்தோடு இணைக்க விரும்பிய பல்லவச் சிற்பி அதைப் பார்ப்பவரின் ஊகத்துக்கு விட்டுவைக்கவில்லை. மாடம் வெட்டினான், உருவம் வைத்தான், எழுத்தும் பொறித்தான். ரதங்களின் யானைமேல் அம்பாரி இல்லை, ஆள் இல்லை, மாடம் இல்லை.

இதற்கு எதிர்வாதம் காலத்தைப் பற்றியது. சாளுவன்குப்பமும் கடற்கரைக் கோயிலும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இராசசிம்மன் காலத்தவை; ரதங்கள் 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் மாமல்லன் தொடங்கியவை என்பது பழைய கொள்கை. மாமல்லனுடைய பேரனின் மகனான இராசசிம்மன் காலத்து வழக்கத்தை வைத்து முன்னோரின் சிற்பத்தை அளக்கலாமா? நியாயமான கேள்விதான். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962-இல் மாமல்லபுரப் படைப்புகள் அனைத்தையும் இராசசிம்மனுக்கே உரிமையாக்கினார்; அவர் சொன்னதை ஏற்றால் இந்தத் தடை தானே விலகிவிடும். ஏற்காதவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் அருச்சுனன் ரதத்தின் பின்சுவர் இருக்கவே இருக்கிறது: ரதங்களைச் செய்த தலைமுறையும் யானையேறிய தெய்வத்தைக் காட்ட நினைத்தபோது தெய்வத்தை யானைமேல் ஏற்றியே காட்டியிருக்கிறது.

யானையை யானைக்காகவே செதுக்குவது இவ்வூரில் அரிதும் அன்று. சுமார் 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட பெரும் புடைப்புச் சிற்பத்தில் ஏறக்குறைய இயற்கை அளவில் யானைகள் நிற்கின்றன, கால்களுக்கிடையே கன்றுகளோடு. அது அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வழக்காடிக்கொண்டிருக்க, அருகில் ஒரு பூனை எலிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு தவம் செய்கிறது. தனிக்கல்லில் செய்த குரங்குக் குடும்பம் இன்னும் ஒரு படி மேல்: தாய் குட்டிக்குப் பாலூட்ட, இன்னொன்று அவளுக்குப் பேன் பார்க்கிறது. இதற்கு எந்தத் தெய்வத்தையும் யாரும் தேடவில்லை என்பது நல்ல காலம்.

யானையைக் கூர்ந்து பார்ப்பதற்கு இன்றைய சூழலும் ஒருவகையில் தடை. உப்புக் காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டதும், கடற்கரைக் கோயிலைக் காக்கப் பாறைத் தடுப்பு போட்டதும், கல்லில் ஏறிய உப்பைக் காகிதக் கூழ் ஒற்றி எடுப்பதும் தொல்லியல் துறை செய்யும் தேவையான பணிகள். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தபின் வேலிகளும் நடைபாதைகளும் பெருகின. விளைவாக, ஒரு பாறைக் காட்டில் கல் கண்ட இடத்தில் உளி வைத்த பணியிடம், பூங்காவில் பொருள்களை அடுக்கிவைத்ததுபோல் தோற்றம் தருகிறது. பூங்காவில் பார்த்தால் யானை ஒரு தனிச் சிலை. பணியிடமாகப் பார்த்தால் அதுவும் ரதமும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

இந்த வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. ரதக் கூரையின் பின்வளைவையும் யானை முதுகின் வளைவையும் முப்பரிமாண வருடியால் அளந்து, இரண்டுக்கும் பொது விகிதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யானையின் நடு அச்சும் ரதத்தின் நடு அச்சும் இணையாக ஓடுகின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தினால் ஐராவதத்துக்கு இங்கே வேலையில்லை. பொருந்தாவிட்டால் ஊர்திக் கட்சிக்கு வலு கூடும். அப்போதும் அந்த யானைமேல் ஏறியவர் யார் என்பதை அவர்கள் யானையைக் காட்டாமல் நிறுவியாக வேண்டும்.