யாருமில்லாத படங்கள்

1953 மே 29, காலை 11:30. எவரெஸ்ட் உச்சியில் ஒருவர் பனிக்கோடரியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். கோடரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா என்று நான்கு கொடிகள் படபடக்கின்றன. ஆக்சிஜன் மாஸ்க் முகத்தை மூடியிருக்கிறது. அவர் டென்சிங் நோர்கே. எடுத்தவர் எட்மண்ட் ஹிலாரி. ஹிலாரி உச்சியில் நிற்கும் படம்? கிடையாது. அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை.

ஏன்? தனக்குத் தெரிந்து டென்சிங் அதற்குமுன் படம் எடுத்ததில்லை, எவரெஸ்ட் உச்சி அதைச் சொல்லிக்கொடுக்கிற இடமுமில்லை என்றார் ஹிலாரி. 1955இல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் டென்சிங் வேறு மாதிரி சொல்கிறார்: உங்களை நான் எடுக்கிறேன் என்று சைகை காட்டினேன், அவர்தான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். எனக்கு டென்சிங் சொல்வதை நம்பத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஹிலாரி செய்த மற்ற வேலையைப் பாருங்க. குளிரில் உறையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த கோடாக் ரெட்டினா கேமராவால், ஒவ்வொரு திசையிலும் கீழே இறங்கும் முகடுகளை வரிசையாக எடுத்தார். மகாலு, வடக்குப் பக்கம், ராங்புக் பனியாறு. ஒரு படத்திலும் ஆள் இல்லை.

இந்தப் படங்களை யாரும் போஸ்டராக ஒட்டுவதில்லை. ஆனால் ஏறியதற்குச் சாட்சி இவைதான்.

இது ஏன் முக்கியம் என்று புரிய 1906க்குப் போகணும். அமெரிக்கர் ஃப்ரெடெரிக் குக், அலாஸ்காவின் மெக்கின்லி (இப்போது பலரும் டெனாலி என்கிறார்கள்) உச்சியைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார். உயரம் 20,310 அடி. 1908இல் வந்த அவர் புத்தகத்தில் ஒரு படம்: கூரான பாறைமேல் அவருடைய துணையாள் எட்வர்ட் பாரில், கையில் அமெரிக்கக் கொடி. ஆள் இருக்கிறார், கொடி இருக்கிறது, மேலே வானம். இதற்குமேல் என்ன வேண்டும்?

1909இல் பாரிலே ‘நாங்கள் ஏறவில்லை’ என்று சத்தியப்பிரமாணம் கொடுத்தார். அதற்குப் பின்னால் குக்கின் எதிரிகளுடைய பணம் இருந்தது என்ற பேச்சும் உண்டு, ஆக அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. 1910இல் பெல்மோர் பிரௌனும் ஹெர்ஷல் பார்க்கரும் கையில் அந்தப் படத்தோடு மலைக்கே போனார்கள். பாறையின் விரிசல், பின்னால் தெரியும் சிகரம், எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள். உச்சியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஐயாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் ஒரு குன்று! இன்றும் அதன் பெயர் ‘போலிச் சிகரம்’தான்.

கோடு எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன்: திரையில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் வந்தால் மேனேஜருக்குப் போதும். உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய லாகைத் திறக்கணும். கொடியோடு நிற்கும் ஆள் அந்தப் பச்சை எழுத்து. பின்னணியில் இருக்கும் மலைகள்தான் லாக்.

ஆனாலும் மனிதர்களுக்கு ஆள்தான் வேண்டியிருக்கிறது. 1953இல் காத்மாண்டு திரும்பியபோது வரவேற்பு ஓவியங்களில் டென்சிங் உச்சியில் நின்று, கயிற்றின் மறுமுனையில் கிடக்கும் ஹிலாரியை இழுத்துக்கொண்டிருந்தார். யார் முதல் என்ற சண்டை பெரிதாகி, இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே அடைந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டி வந்தது. முதலில் கால் வைத்தவர் ஹிலாரி என்று பின்னால் சொன்னதும் டென்சிங்தான். படத்தில் இருந்தவர், படத்தில் இல்லாதவருக்குக் கொடுத்த இடம் அது.

உச்சியில் ஹிலாரி இன்னொன்றும் செய்தார். 1924இல் வடக்கு வழியாக ஏறிக் காணாமல்போன மலோரி, இர்வின் இருவரும் அங்கே வந்த தடயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

அந்த 1924 பயணத்தில் நம்ம ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. ஹோவர்ட் சாமர்வெல், அறுவைச் சிகிச்சை மருத்துவர். 1922 எவரெஸ்ட் பயணம் முடித்துத் தென்னிந்தியா வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை உதறி அங்கேயே வந்து சேர்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். இரண்டு வருடம் கழித்து மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4 அன்று சுமார் 28,000 அடியில் தொண்டை அடைத்து அவரால் மேலே போக முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து, தனியே முன்னால் போகும் நார்ட்டனைப் படமெடுத்தார். சரிவில் சின்னதாக ஒரு உருவம். அதற்குமுன் யாரும் அவ்வளவு உயரத்தில் படமெடுத்ததில்லை. இறங்கும் வழியில் மூச்சே நின்று, இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கி அடைப்பை இருமித் துப்பித்தான் பிழைத்தார்.

கீழே வந்ததும் தன் சின்னக் கோடாக் கேமராவை மலோரியிடம் கொடுத்தார். ஜூன் 6 காலை, வடக்குக் கணவாய் முகாமிலிருந்து இருவரும் கிளம்புவதை ஓடெல் எடுத்த படம்தான் அவர்களுடைய கடைசிப் படம். 1999இல் மலோரியின் உடல் கிடைத்தது. 2024இல் பனியாற்றில் இர்வினின் பெயர் தைத்த காலுறையும் பாதமும் கிடைத்தன. கேமரா கிடைக்கவில்லை. உறைபனியில் கிடந்த கருப்பு வெள்ளை ஃபிலிமை இன்னும் கழுவி எடுக்க வாய்ப்பிருக்கிறது என்கிறார்கள்.

தேடுகிறவர்கள் எல்லாம் உச்சியில் ஒருவர் நிற்கும் படம் அதில் இருக்குமென்று நினைக்கிறார்கள். மாஸ்க் போட்ட ஒரு ஆள், காலடியில் பனி, பின்னால் வானம் என்று ஒன்று கிடைத்தால் இன்னொரு நூறு வருடம் சண்டை போடலாம். எனக்கு ஆள் வேண்டாம். வடக்கிலிருந்து ஏறுகிறவனுக்கு உச்சி மறைத்து வைத்திருக்கும் தென்மேற்குப் பக்கம், அங்கே கீழே கிடக்கும் நுப்ட்சே முகடு, அது மட்டும் கொஞ்சம் கோணலாக ஒரு ஃப்ரேமில் விழுந்திருந்தால் போதும்.