சங்கம் உள்ள முதுமை, சங்கம் இல்லாத முதுமை

1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்திய ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் மறக்கவில்லை. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அன்று, உழைத்தவர் ஈட்டிய உரிமை என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 1979 மார்ச் 31 என்று ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குத் திருத்திய கணக்கீட்டை மறுத்தது செல்லாது என்றது. சட்ட மாணவர்கள் இதைச் சமத்துவ உரிமை பற்றிய வழக்காகப் படிப்பார்கள். நமக்கு வேண்டியது வேறு செய்தி. மனுதாரர் மூவரில் இருவர் ஓய்வூதியர்கள். மூன்றாமவர் ‘காமன் காஸ்’ என்னும் பதிவுபெற்ற சங்கம். தாமாக வழக்காட வசதியில்லாத முதியவர்களுக்காக அச்சங்கம் வழக்காடலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

முதியோர் நலம் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் வருமானம், நோய், தனிமை ஆகியவற்றை அளக்கின்றன. தமக்காகப் பேச ஓர் அமைப்பு இருக்கிறதா என்ற கேள்வியை அவை அரிதாகவே கேட்கின்றன. மற்ற அளவுகள் பலவற்றையும் முடிவுசெய்வது இந்தக் கேள்விதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மைய அரசின் ஓய்வூதியருக்கு அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் திருத்தப்படுகிறது. வறியவர்களுக்கான தேசிய முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 200 ரூபாய் ஆனது. 80 வயதைத் தாண்டியோருக்கு 2011இல் 500 ரூபாய் ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு மையத்தின் பங்கு அதே 200 ரூபாயில் நின்றுவிட்டது. தமிழ்நாடு இதில் முன்னோடி. 1962இலேயே மாதம் 20 ரூபாயில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. 2011இல் அது 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இடையிலிருந்த 12 ஆண்டுகளில் அரிசியும் மருந்தும் விற்ற விலைக்கும் அந்தத் தொகைக்கும் எழுதப்பட்ட உறவு எதுவும் இல்லை. இங்கே ஒவ்வோர் உயர்வும் ஓர் அறிவிப்பு. அங்கே அது ஒரு விதி. அறிவிப்பை விதியாக மாற்றுவது சங்கத்தின் வேலை.

ஊரில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்றே வழங்கும் இந்த உதவித்தொகை, அடிப்படையில் ‘ஆதரவற்ற’ முதியோருக்கானது. அதனால் விசாரணைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘மகன் இருக்கிறானா?’ என்பதாகவே இருக்கிறது. மறுபுறம், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் சட்டக் கடமை ஆக்குகிறது. ஆக, ஒரே மூதாட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் தனக்கு ஆதரவில்லை என்று நிறுவ வேண்டும்; கோட்டாட்சியர் முன்னுள்ள தீர்ப்பாயத்தில் ஆதரிக்கக் கடமைப்பட்டவன் இருக்கிறான் என்று நிறுவ வேண்டும். முதலாவதில் மகனைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், இரண்டாவதில் சேர்க்க வேண்டும். மகனும் அன்றாடக் கூலியாக இருந்துவிட்டால், தீர்ப்பாயத்தின் ஆணையால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. மகன் இருப்பதாலேயே உதவித்தொகையும் தட்டிப்போகலாம். குடும்பத்தையும் அரசையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்த கொள்கை இப்படித்தான் முடியும்.

இருந்தாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வாசல் உண்டு. முதியவரால் இயலாதபோது, அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ அமைப்போ அவருக்காக மனுச் செய்யலாம் என்கிறது 5ஆம் பிரிவு. தீர்ப்பாயம் தானாகவும் வழக்கை எடுக்கலாம். 17ஆம் பிரிவு வழக்கறிஞர்களை விலக்குகிறது. 18ஆம் பிரிவு பராமரிப்பு அலுவலர் என்ற பதவியை உண்டாக்கி, பெற்றோர் விரும்பினால் அவர் சார்பில் நிற்கச் சொல்கிறது. வழக்கறிஞர் இல்லாத ஒரு மன்றத்தைக் கற்பனை செய்தவர்கள், அந்த இடத்தில் பக்கத்தில் நிற்கும் சமூக அமைப்பையும் கற்பனை செய்திருக்கிறார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும். நடைமுறையில் வெளிச்சத்துக்கு வருவதோ 23ஆம் பிரிவு: பேணுவதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பேணாவிட்டால் திரும்பப் பெறும் வழி. அது தேவையான பிரிவுதான். ஆனால் எழுதிக்கொடுக்கச் சொத்து இருந்தவருக்கே பயன்படும். பராமரிப்புத் தொகைக்கு இருந்த 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்கும் திருத்த மசோதா 2019இல் மக்களவையில் அறிமுகமாகி, 17ஆவது மக்களவையோடு காலாவதியானது.

துணை நிற்பது என்றால் என்ன? பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் அது அலைச்சல். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவது, கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனுவின் நிலை கேட்பது, தள்ளுபடியானால் ஏன் என்று எழுத்தில் வாங்குவது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டிப்போவது. ஆதாரில் வயது குறைவாகப் பதிந்திருக்கும். நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரலைக் கருவி ஏற்காது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சின்னச் சிக்கல். ஒரு வட்டத்தின் மனுக்களை எல்லாம் ஒரே பதிவேட்டில் எழுதிவைக்கும் அமைப்புக்கு மட்டுமே அது கொள்கைக் குறை என்று தெரியும். தனியாள் உதவியும் உரிமைக் கோரிக்கையும் வெவ்வேறு வேலைகள் என்று பிரிப்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். பதிவேடு இல்லாத கோரிக்கை வெறும் முழக்கம். கோரிக்கையாக வளராத உதவி அன்னதானத்தோடு நின்றுவிடும்.

அன்னதானத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் கடலூர், நாகப்பட்டினம் கடற்கரைகளில் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ என்னும் தொண்டு நிறுவனம் நிவாரணத்தோடு நிற்காமல் முதியோர் சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. படகையும் வலையையும் கணக்கிட்ட இழப்பீட்டில், கருவாடு விற்ற கிழவிக்கு இடம் கிடைப்பது கடினம். குழுவாகச் சேர்ந்தபோது அவள் பயனாளி என்ற நிலையிலிருந்து உறுப்பினர் என்ற நிலைக்கு வந்தாள். முதியோரைச் சேமிப்பும் கடனும் தேவைப்படாதவர்களாக எண்ணிய பழைய பார்வையை அம்முயற்சி அசைத்தது. ஆனால் சிறு கடனைச் சுற்றி அமைந்த குழு, உதவித்தொகையை விலைவாசியோடு இணைக்கக் கேட்டு மாநிலத் தலைநகருக்குப் போவது அரிது. அதற்கு அகலமான கூட்டு வேண்டும்.

அப்படி ஒரு கூட்டு 2012இல் முயலப்பட்டது. சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய், புனே சுமைதூக்குவோர் இயக்கத்தின் பாபா ஆதவ் ஆகியோர் முன்னின்ற ‘பென்ஷன் பரிஷத்’, தில்லி ஜந்தர் மந்தரில் முதியவர்களையே அமரவைத்தது. குறைந்தபட்சக் கூலியில் பாதி அல்லது 2,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது எல்லோருக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. வறுமைக் கோட்டுப் பட்டியலை நம்பாமல் கூலியை அளவுகோலாக வைத்ததே அதன் கூர்மை. இத்தனை ஆண்டு உழைத்தோம் என்று கேட்பவருக்கும், ஆதரவற்றுப் போனோம் என்று கேட்பவருக்கும் அரசின்முன் நிற்கும் நிலை ஒன்றல்ல. நகாரா தீர்ப்பின் தருக்கத்தை வயலுக்கும் கட்டடத் தளத்துக்கும் கொண்டுபோன முயற்சி அது.

2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதியோர் ஓய்வூதியத் திட்டங்களை மறுபரிசீலனை செய்யவும், மாவட்டந்தோறும் முதியோர் இல்லங்களின் விவரம் திரட்டவும் பணித்தது. மனுதாரர் முன்னாள் மத்திய சட்ட அமைச்சர். நல்ல நோக்கத்தோடு வழக்காடினார். ஆனாலும் மையத்தின் 200 ரூபாய் 200 ரூபாயாகவே நீடித்தது. நகாரா தீர்ப்புக்குப் பின்னால், அதை ஒவ்வோர் அலுவலகத்திலும் எடுத்துக்காட்டிக் கணக்குக் கேட்கச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் இருந்தார்கள். இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

முறைசாராத் தொழிலாளருக்குச் சங்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் நலவாரியங்களில் பதிவையும் புதுப்பித்தலையும் தொழிற்சங்கங்களே பெருமளவு செய்துதருகின்றன. ஆனால் உழைக்கும் வயது முடிந்ததும் உறுப்பினர் பலர் சங்கத்தின் பார்வையிலிருந்தும் விலகிவிடுகிறார்கள்.

ஆகவே புதிய அமைப்புகள் முளைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அலுவலக நடைமுறை அறிந்த, கோப்பு எழுதத் தெரிந்த, நேரமும் உள்ள அரசு ஓய்வூதியர் சங்கங்கள் தமிழ்நாட்டின் ஊர்களில் பரவலாக உண்டு. அவை தம் விதிகளைத் திருத்தி, ஓய்வூதியம் இல்லாத முதியோரையும் உறுப்பினராக்கட்டும். 5ஆம் பிரிவின்கீழ் அவர்களுக்காக மனுச் செய்யட்டும். தமக்குக் கிடைக்கும் அகவிலைத் திருத்தம் ஓ.ஏ.பி. பணத்துக்கும் வேண்டும் என்பதை அடுத்த மாநாட்டின் முதல் தீர்மானமாக வைக்கட்டும்.