திரைப்படப் பார்வையாளர்: அஸ்தம்பட்டியும் சேலம் வட்டாரமும்

சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் படம் பார்க்கும் வழக்கமும், பார்த்த படத்துக்கு அவர்கள் சொல்லும் பதிலும் ஏறக்குறைய நூறாண்டுகளாக மாறிவந்த வரலாறு இக்கட்டுரையின் பொருள். சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றான அஸ்தம்பட்டிக்கு இதில் தனி இடம் உண்டு. அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. படம் எடுத்தவர்களும் பார்த்தவர்களும் ஒரே ஊரில் வாழ்ந்தது, சென்னைக்கு வெளியே கோவை, சேலம் போன்ற ஒருசில ஊர்களுக்கே வாய்த்தது.

கொட்டகைக்கு முன்னும் பின்னும்

கொங்கு நாட்டுக்குச் சலனப்படத்தைக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச் சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். ஊமைப்படக் காலத்திலும் அரங்கம் ஊமையாக இருந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லிக்கொண்டே போவார். எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வார். பேசிக்கொண்டே படம் பார்ப்பது இந்த மண்ணில் முதல் நாளிலிருந்தே உள்ள பழக்கம்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படும் அதில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, மற்றவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பாட்டுக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். நாடகக் கொட்டகையில் பழகிய ‘ஒன்ஸ்மோர்’ குரல் சினிமாக் கொட்டகைக்கும் அப்படியே வந்துசேர்ந்தது. மேடையில் நடிகர் திரும்பப் பாடுவார். திரையில் பாட மாட்டார். அதனால் ரசிகர் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒரே படத்தைப் பத்து முறை பார்ப்பது பெருமையானது. சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ (1944) அந்தப் பழக்கத்தின் உச்சம்.

மாடர்ன் தியேட்டர்ஸ்

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். 1930களின் நடுவில் அவர் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். முதல் படம் ‘சதி அகல்யா’ 1937இல் வந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்து போயிற்று. பி. யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தமபுத்திரன்’ (1940), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) ஆகியவையும் இங்கே பிறந்தவை. நிறுவனம் எடுத்த படங்கள் நூறைத் தாண்டும்.

சுந்தரம் ரசிகரை மதித்தவர் என்பதை இந்தப் பட்டியலே காட்டும். புராணம் மட்டும் எடுத்துப் பிழைத்திருக்கலாம்; அவர் மந்திரக் கதை, சண்டைப் படம், துப்பறியும் படம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒரே முகம், இரண்டு ஆட்கள் என்ற அதிசயத்தைத் திரையில் முதலில் கண்டபோது தரை டிக்கெட்டுக்காரர் வாய்பிளந்தார் என்றால், அந்த வியப்பைக் கணக்கிட்டே அது எடுக்கப்பட்டது. நாள் முழுவதும் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவரும், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பற்றவைத்தவரும் இரவு ஆட்டத்துக்கு வந்து எதைக் கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வேகம் கேட்டார்கள், கொடுத்தார்.

1950இல் ‘மந்திரி குமாரி’ வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் தொடங்கிய அப்படத்துக்கு வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1944 ஆகஸ்டில், நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய மாநாடு இதே சேலத்தில்தான் நடந்தது. மேடைப்பேச்சு கேட்டுப் பழகிய காது இந்த ஊருக்கு இருந்தது. ஆகவே வசனத்துக்கு விழுந்த கைதட்டல், பொதுக்கூட்டத்தில் விழும் கைதட்டலின் தொடர்ச்சி. பின்னர் ‘பராசக்தி’ (1952) வசனம் இசைத்தட்டாகி, கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியது. படத்தைப் பார்க்காதவரும் வசனத்தை ஒப்பித்தார்.

நாமக்கல்லுக்கும் இதில் பங்குண்டு. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் நாவலிலிருந்து கோவை பட்சிராஜா எடுத்த ‘மலைக்கள்ளன்’ (1954) குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

டூரிங் டாக்கீஸ்

நகரத்துக் கட்டிடத் தியேட்டரைவிட, இச்சமவெளி மக்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது டூரிங் டாக்கீஸ்தான். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும் என்பதால் நிரந்தரக் கட்டிடம் கட்டுவதில்லை; கீற்றுக் கொட்டகை, இல்லாவிட்டால் கூடாரம். தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்புகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு ஒலித்தால் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று பொருள். காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வேகமாக நடப்பார்.

தரையில் மணல் பரப்பியிருக்கும். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் கையால் மணலைக் கூட்டிக் குவித்து, அந்த மேட்டின்மேல் உட்கார்வார்கள். பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் உயரமாகக் குவிப்பார். ஒரே புரொஜெக்டர் உள்ள கொட்டகையில் ஒவ்வொரு சுருள் முடியும்போதும் விளக்குப் போடுவார்கள். முறுக்கும் சோடாவும் விற்கும் நேரம் அது. அதைவிட முக்கியமாக, அதுவரை பார்த்ததைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் கருத்துச் சொல்லும் நேரம். புரொஜெக்டரில் ஒளி தரும் கரித்துண்டு எரிந்து குறைந்து திரை மங்கினால், கொட்டகை முழுக்க ‘ஆபரேட்டர்!’ என்று கத்தும். இன்று விமர்சனம் என்று நாம் சொல்வதன் வேர் அந்த ஐந்து நிமிட வெளிச்சத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். மட்டக் காகிதத்தில் சில பக்கங்கள். அட்டையில் நாயகன், நாயகி முகம். உள்ளே கதைச்சுருக்கம் பாதிவரை வந்து, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். பிறகு பாடல்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த பாடநூல் இதுதான்.

அச்சில் வந்த பதில்

கொட்டகையில் எழுந்த குரல் பத்திரிகைக்கும் போயிற்று. முப்பதுகளிலேயே கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கலை விமர்சனம் எழுதினார். ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ இதழ்களின் கேள்வி–பதில் பகுதி ரசிகருக்கு முகவரி கொடுத்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் ‘சண்டமாருதம்’ என்ற இதழை நடத்தியது. கண்ணதாசன் அதில் பணியாற்றினார். பின்னாளில் விகடன் படங்களுக்கு மதிப்பெண் போட்டது. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62.5 பல காலம் டீக்கடைப் பேச்சாக இருந்தது.

அந்தப் படம் இன்னொரு வகையிலும் இங்கே நினைக்கத் தக்கது. பாரதிராஜா கேமராவைக் கிராமத்துக்கே தூக்கிக்கொண்டு போனார். நிஜ வாய்க்காலையும் நிஜத் திண்ணையையும் கண்ட ரசிகருக்கு அட்டையில் செய்த கிராமம் அலுத்தது. படப்பிடிப்பு அரங்குகளின் தேவை குறைந்தது. 1963இல் சுந்தரம் மறைந்தபின் மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்ற துப்பறியும் படங்களை எடுத்தார். அவற்றுக்கும் நல்ல கூட்டம். எண்பதுகளில் நிலையம் ஓய்ந்தது. நிலம் வீட்டுமனையாயிற்று. இன்று ஏற்காடு சாலையில் நிற்பது பெயர் பொறித்த நுழைவு வளைவு ஒன்றுதான்.

வீட்டுக்குள் வந்த திரை

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியபோது சேலத்துக்கு அது செய்தி மட்டுமே. எண்பதுகளில் ஒளிபரப்பு உள்மாவட்டங்களை எட்டியது. மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே இருப்பவர் ‘இன்னும் கொஞ்சமுங்க, ஆ, நிறுத்துங்க’ என்று சத்தம் போட, தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைப் படம், 1987 முதல் ஞாயிறு காலையில் இந்தி ராமாயணம். மொழி புரியாமலும் பார்த்தார்கள், கதை தெரிந்ததுதானே. கூட்டமாகப் பார்க்கும் பழக்கம் அப்போது அறவே போய்விடவில்லை, கொட்டகையிலிருந்து கூடத்துக்கு மாறியது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டியதும் இதே காலத்தில்தான்.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. ‘சித்தி’ (1999), ‘மெட்டி ஒலி’ (2002) தொடர்கள் ஓடிய நேரத்தில் இரவுச் சாப்பாடு தள்ளிப்போனது. தொடர் பார்த்த பெண்களை எளிதாகக் கேலி செய்தவர்கள் உண்டு, அது தவறு. மாமியார் கொடுமையையும் சீர்வரிசைச் சண்டையையும் பற்றி, தன் வீட்டைச் சொல்லாமல், ‘அந்தப் புள்ளைக்கு இப்படி ஆயிடுச்சே’ என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச அவர்களுக்கு வழி கிடைத்தது. கொட்டகையின் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசிய பேச்சு, வாசற்படிக்கு வந்தது.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்த அரசு கேபிளும் ஏழை வீட்டுக்கும் திரையைக் கொண்டு சேர்த்தன. பக்கத்து வீட்டுக் கூடம் காலியானது. இன்னொரு பக்கம் திருட்டு விசிடி. அதைத் தடுக்கத் தமிழக அரசு 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

நூறு நாளும் மூன்று நாளும்

படப்பெட்டி சென்னையில் ஓடி, சேலத்தில் ஓடி, பிறகு ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் வந்த காலத்தில், படம் வருமுன்பே அதன் பேச்சு வந்துவிடும். போகலாமா என்று மக்கள் நிதானமாக முடிவு செய்தார்கள். டிஜிட்டல் திரையிடல் வந்தபின் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியீடு. நூறாவது நாள் கேடயம் போய், முதல் மூன்று நாள் வசூலே பேச்சாயிற்று. ரசிகரின் தீர்ப்புக்கு இருந்த நேரம் சுருங்கியது. இடைவேளையிலேயே செல்பேசியில் தீர்ப்பு வெளியாகிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபின், தியேட்டர் வளாகத்தில் ரசிகரிடம் கருத்துக் கேட்டுக் காணொளி எடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் வேண்டினார்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்தைத் தடுக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அது சரியான முடிவு. காசு கொடுத்தவர் வாயை மூடிய காலம் தமிழ் சினிமாவில் எப்போதும் இருந்ததில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் தியேட்டர்கள் மூடின. அந்த மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக இணையத்தில் வந்தது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’. தறிக்கூடத்திலும் லாரியின் ஓட்டுநர் இருக்கையிலும் படம் ஓடியது. காதில் கருவி மாட்டித் தனியாகப் பார்த்தவருக்குப் பக்கத்தில் சிரிப்பதற்கு ஆளில்லை. அவர் பிடித்த காட்சியை வெட்டி வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்பினார். அதுவும் ‘ஒன்ஸ்மோர்’தான். ஆனால் அந்தக் குரல் யார் காதிலும் விழுவதில்லை.

2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வந்தபோது பாதி இருக்கைகளுக்கே அனுமதி, கூட்டம் வந்தது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மீண்டும் திரையிடப்பட்டது. இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனம் மனப்பாடமான படம். அதற்கு டிக்கெட் எடுத்து வந்து, எழுந்து நின்று ஆடினார்கள். படம் பார்க்கவா வந்தார்கள்? ஒன்றாகக் கத்த வந்தார்கள். அதே ஆண்டு ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ மலையாளத்திலேயே தமிழ்நாடெங்கும் ஓடியது. அதில் ‘குணா’ படத்தின் பாட்டு வந்த இடத்தில் அரங்கங்கள் கைதட்டின. 1938இல் ஏற்காடு சாலையிலிருந்து கேரளத்துக்குப் படம் போனது; 86 ஆண்டுகள் கழித்துப் படம் அங்கிருந்து வந்தது.

படங்களின் வரலாறு பெயர், ஆண்டு, நடிகர் என்று ஏடுகளில் இருக்கிறது. பார்த்தவர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் நினைவில் இருக்கிறது. மணலைக் குவித்து உட்கார்ந்த தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தக் கொட்டகையில், யாரோடு போய், எந்தப் படம் பார்த்தார், எந்த இடத்தில் அழுதார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பரணில் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.