சான் பிலிப்பே: ஒரு மீனும் ஓர் ஊரும்

மெக்சிக்கோவின் வடமேற்கே, கலிபோர்ணிய வளைகுடாவின் தலைப்பில், பாலைநிலமும் கடலும் சந்திக்குமிடத்தில் அமைந்துள்ளது சான் பிலிப்பே. இவ்வூரின் வரலாற்றில் மன்னர்களுக்கு இடமில்லை. அதை ஒரு மீனின் வரலாறாகவே எழுதிவிடலாம். தொத்துவாவா எனும் அம்மீன் இரண்டு மீற்றர் நீளமும் நூறு கிலோ நிறையும் வரை வளர்வது; இவ்வளைகுடாவிலன்றி உலகில் வேறெங்கும் வாழாதது.

1920களில் மீனவரின் தற்காலிகக் குடிசைகள் இங்கு நிலையான ஊராயின. அவர்களை அழைத்து வந்தது தொலைவிலிருந்த சீனச் சந்தையாகும். மீனின் காற்றுப்பையை உலர்த்தி அங்கே அனுப்பினர். உடல் கரையிலே அழுகிற்று. பின்னர் ஐக்கிய அமெரிக்கா அதன் இறைச்சியையும் வாங்கத் தொடங்கியது. 1942 இல் 2,261 தொன் பிடிபட்டது. 1975 இல் கிடைத்ததோ 58 தொன். அவ்வாண்டே அரசு அம்மீன்பிடியைத் தடைசெய்தது.

மீனவனின் வலை மட்டுமா இதற்குக் காரணம்? தொத்துவாவா முட்டையிடுவது கொலராடோ ஆற்றின் கழிமுகத்தை அடுத்த கடலில். 1930களில் ஐக்கிய அமெரிக்கா எழுப்பிய ஹூவர் அணையும், 1960களில் எழுந்த கிளென் கன்யன் அணையும் அவ்வாற்றைத் தடுத்தன. அதன் நீர் நகரங்களுக்கும் பெரும்பண்ணைகளுக்கும் திருப்பப்பட்டது. 1944 உடன்படிக்கைப்படி மெக்சிக்கோ பெற்ற பங்கும் பெரும்பாலும் மெக்சிக்காலி வயல்களோடு முடிந்தது. கழிமுகம் வறண்டது. மிகைப்பிடிப்போடு இதனையும் மீனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அறிஞர் பலர் கூறுவர்.

1958 இல் அறிவியலார் பெயரிட்ட வக்கீத்தா எனும் சிறு கடற்பாலூட்டியும் இக்கடலுக்கே உரியது. இன்று பத்தளவிலேயே எஞ்சியுள்ள அது, செவுள் வலைகளில் சிக்கி மடிகின்றது. 2015 இல் அவ்வலைகள் தற்காலிகமாகவும், 2017 இல் நிரந்தரமாகவும் தடுக்கப்பட்டன. நட்டஈட்டின் பெரும்பகுதி அனுமதிப்பத்திரம் வைத்திருந்தோருக்கே போயிற்று. கூலிக்குக் கடலேறியவனுக்குக் கிடைத்தது சொற்பம். காற்றுப்பைக்கோ கள்ளச்சந்தையில் பெருவிலை. பட்டினிக்கும் சட்டமீறலுக்கும் இடையில் நிறுத்தப்பட்டவன் எதைத் தேர்வான்?

வக்கீத்தா காக்கப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆற்றை மறித்தோரும் காற்றுப்பையில் பொருள் குவித்தோரும் கணக்கில் வராமல், வலை இழுத்தவன் மட்டும் விலை கொடுக்கும் பாதுகாப்பு நிலைக்காது. உழைப்பவனுக்கு மாற்றுத்தொழில் தராத சட்டம் கடலையும் காக்காது என்பதே சான் பிலிப்பே நமக்குக் கூறும் பாடம்.