வறண்ட காட்டு மரங்களின் வளர்ச்சியும் மழை வேறுபாடும்

வெப்பமண்டல வறண்ட காடு என்பது, சில மாதங்களுக்குள் மழை பெய்து ஓய்ந்துவிட, எஞ்சிய காலத்தை மரங்கள் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டும் இலையுதிர்த்தும் கழிக்கும் வனமாகும். நிலக்கோட்டைச் சமவெளிக்குக் கிழக்கே எழும் சிறுமலையின் அடிவாரத்தில் உசிலும் வேலும் கிளுவையும் செறிந்த முட்காடாகவும், அதற்கு மேற்பட்ட சரிவுகளில் இலையுதிர் காடாகவும் இதனைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் தடுத்துக்கொள்வதால், இப்பிரதேசம் ஐப்பசி, கார்த்திகை மழையையே முக்கியமாக நம்பியிருக்கிறது. அம்மழை 2016இல் தமிழ்நாடெங்கும் இயல்பினும் 62 சதவீதம் குறைந்தது.

மரம் பருப்பது, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படலம் ஈரமுள்ள காலத்தில் புதிய கட்டையைப் படியவைப்பதனால் நிகழ்கிறது. தேக்கில் இது ஆண்டு வளையமாகப் பதிகிறது; ஜாவாத் தேக்கின் வளையங்களைக் கொண்டு 1514 முதல் 1929 வரையிலான வரிசையொன்றைப் பெர்லகே என்பவர் 1931இல் வெளியிட்டார். வளையம் தெளிவாகப் பதியாத மரங்களுக்கோ, ஒரே மரத்தின் சுற்றளவை ஆண்டுகள் பல கடந்தும் திரும்பத் திரும்ப அளப்பதைத் தவிர வேறு நல்ல வழியில்லை.

இவ்வகை அளவீட்டில் நம் நாட்டுக்குப் பெருமை சேர்ப்பது நீலகிரி மாவட்டத்து முதுமலையாகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1988இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, நான்காண்டுக்கொரு முறை பருமனை அளந்தும், ஆண்டுதோறும் மடிந்தவற்றையும் புதியவற்றையும் கணக்கெடுத்தும் வந்திருக்கின்றனர். இத்தகைய அளவீட்டில், வறட்சிக் காலத்தில் சில மரங்கள் முன்னைவிட மெலிந்திருப்பதாகவும் தோன்றும்; பட்டையும் திசுக்களும் நீரிழந்து சுருங்குவதே இதற்குக் காரணமாதலால், மழைக்குப்பின் அவை மீண்டும் நிரம்பிவிடுவதுண்டு. ஆதலின் ஓராண்டின் அளவை மட்டும் கொண்டு வளர்ச்சியை நிர்ணயிப்பது பெரும்பிழையாகும்.

அதனினும் கவனத்துக்குரியது, பெருமரங்களின் மரணம் வறட்சியுற்ற ஆண்டிலேயே மிகாமல், இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின் மிகுவது. சேமித்த உணவைச் செலவிட்டு நின்ற மரம், பின்னர் வரும் பூச்சிக்கும் நோய்க்கும் ஈடுகொடுக்க இயலாமற் போவது இதற்கு ஒரு காரணமாகலாம். கன்றுகளின் கதி வேறு: நல்ல மழையில் செழித்தோங்கிய புல், கோடையில் காய்ந்து தீக்கு இரையாகும்போது, அதே மழையில் முளைத்த இளங்கன்றுகளும் அடிவரை கருகிவிடுகின்றன; அவற்றுட் சில, அடுத்த மழையில் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன.